டீசல் கேன் ஏன் கரைவதில்லை?

பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் எந்தப் படகுத் துறைக்குப் போனாலும் டீசலும் மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக் கேன்களில்தான் வந்து இறங்குகின்றன. அந்தக் கேன் பாலிஎத்திலீனால் ஆனது. பாலிஎத்திலீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த மிக நீண்ட சங்கிலி. டீசலும் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிகளின் கலவைதான், நீளம்தான் குறைவு. முனைவுத்தன்மை, அதாவது மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது, என்று பார்த்தால் கேனுக்கும் உள்ளே இருக்கும் எண்ணெய்க்கும் சொல்லத்தக்க வேறுபாடே கிடையாது. 'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்று பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த விதி முழு உண்மையாக இருந்தால், காலையில் ஊற்றிய டீசல் மாலைக்குள் கேனைக் கரைத்துக்கொண்டு மணலில் இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஆனால் அதே டீசலில் ஒரு துண்டு மெழுகுவர்த்தியைப் போட்டு வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. மெழுகும் அதே கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிதான்.

இந்தக் கரையோரத்தில் வேதியியல் கற்பிக்கிறவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவர் வகுப்பில் கேட்டபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. பாடநூலில் அந்த விதி ஒரே வரியில் வந்து, ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. தேர்வுக்கு அது போதும். கரைப்பான்களைக் கையில் எடுத்து வேலை செய்கிற ஒருவருக்கு அது போதாது என்பதுதான் என் எண்ணம். விதி தவறானதன்று, அது கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறது. ஒரு பொருள் கரைய வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய வேண்டும். கரைப்பானின் மூலக்கூறுகள் தங்களுக்குள் இருந்த பிடியைத் தளர்த்தி இடம் விட வேண்டும். அதன்பின் இரண்டும் சேர்ந்து புதிய பிடிப்பு உண்டாக வேண்டும். முதல் இரண்டும் செலவு, மூன்றாவது வரவு. இவற்றோடு கலப்பினால் உண்டாகும் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, பெரும்பாலும் வரவுப் பக்கத்தில் சேரும். முனைவுத்தன்மை இந்த வரவு செலவு எல்லாவற்றிலும் தலையிடுகிறது. ஆனால் அது மட்டுமே கணக்கு ஆகிவிடாது.

கேன் கரையாததற்குக் காரணம் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலிகள் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக மடிந்து படிகமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கெட்டியான கேன்களுக்குப் பயன்படும் வகை ஏறத்தாழ 130 டிகிரி செல்சியசில்தான் உருகும். அந்த அடுக்கைக் கலைக்கத் தேவையான ஆற்றலைச் சாதாரண வெப்பநிலையில் டீசலால் கொடுக்க முடிவதில்லை. நீண்ட சங்கிலி என்பதால், தனித்தனியாகப் பிரிவதில் கிடைக்கும் என்ட்ரோபி ஆதாயமும் சொற்பம். சைலீன் என்ற கரைப்பானை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பாலிஎத்திலீன் அதில் கரையும். ஆறவிட்டால் மறுபடி பிரிந்து வெளியே வந்துவிடும். மெழுகின் சங்கிலிகளோ மிகச் சிறியவை, 60 டிகிரியை ஒட்டியே உருகிவிடக்கூடியவை. ஆகவே அங்கே செலவு குறைவு. கேன் கரையவில்லை என்பதற்காக ஒட்டுறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அடுக்கு குலைந்த பகுதிகளுக்குள் டீசல் கொஞ்சம் ஊறிவிடுகிறது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் டீசல் கேனில் வாடை போகாததற்கு அதுவே காரணம். அப்படிப்பட்ட கேனில் குடிநீர் பிடித்து வைக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொல்லிப் பார்ப்பதுண்டு.

முனைவுத்தன்மை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான்களை ஒன்று அதிகமாகத் தன் பக்கம் இழுத்தால் பிணைப்பின் ஒரு முனை சற்று எதிர்மின் தன்மையும் மறுமுனை சற்று நேர்மின் தன்மையும் பெறுகின்றன. பாலிங் அளவுகோலில் ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.44, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20. ஆகவே ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பு நன்றாக முனைவுற்றது. கார்பன், ஹைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய முனைவற்றது. ஆனால் பிணைப்பு முனைவுற்றிருப்பது வேறு, மூலக்கூறு முனைவுற்றிருப்பது வேறு. கார்பன் டெட்ராகுளோரைடில் நான்கு முனைவுற்ற பிணைப்புகள் இருந்தும், அவை நான்முகி வடிவில் எல்லாத் திசையிலும் சமமாக இழுப்பதால் மொத்தம் சுழியாகிவிடுகிறது. ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்த குளோரோஃபார்முக்கு 1.04 டிபை இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மூலக்கூறின் மொத்த முனைவைக் காட்டும் எண், கிடைக்கிறது. இந்த அலகு பீட்டர் டிபையின் பெயரால் வழங்குவது. மூலக்கூறுகளுக்கு நிலையான இருமுனை உண்டு என்ற கருத்தை அவர் 1912-இல் முன்வைத்தார். தண்ணீருக்கு 1.85 டிபை, அசிட்டோனுக்கு ஏறத்தாழ 2.9. இங்கேயே ஒரு சிக்கல் எட்டிப் பார்க்கிறது. இருமுனைத் திருப்புத்திறனை மட்டும் பார்த்தால் அசிட்டோன் தண்ணீரை மிஞ்சிய முனைவுடையது. ஆனால் உப்பை அதில் போட்டுப் பாருங்கள்.

வாலிநோக்கத்து உப்பளத்தில் விளையும் சோடியம் குளோரைடு 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் அளவுக்குக் கரைகிறது. மெத்தனாலில் அது ஒன்றரைக் கிராமைத் தாண்டாது. எத்தனாலில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. அசிட்டோனில் போட்ட உப்பு அப்படியே அடியில் கிடக்கும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி 78-ஐ ஒட்டியது, அசிட்டோனுக்கு 21-தான், ஆகவே அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பை அசிட்டோனால் அவ்வளவு தணிக்க முடியாது என்று வழக்கமாக விளக்குவார்கள். சரியான விளக்கம்தான். ஆனால் சோடியம் அயோடைடு அதே அசிட்டோனில் தாராளமாகக் கரைகிறது. சோடியம் அயனியை அசிட்டோனின் ஆக்சிஜன் முனை நன்றாகவே அணைத்துக்கொள்கிறது. குளோரைடுக்குத்தான் அங்கே ஆதரவு இல்லை. சிறிய, அடர்ந்த மின்சுமை கொண்ட குளோரைடு அயனிக்கு, கைநீட்டிப் பிடிக்கும் ஹைட்ரஜன் ஒன்று வேண்டும். தண்ணீரிடமும் ஆல்கஹாலிடமும் அது இருக்கிறது, அசிட்டோனிடம் இல்லை. பெரிய அயோடைடு அயனியின் மின்சுமை பரவிக் கிடப்பதால் அதற்கு அந்தப் பிடி அவ்வளவு தேவைப்படுவதில்லை. அதன் படிகக்கூடும் குளோரைடுடையதைவிடத் தளர்வானது. இந்த வேறுபாட்டை வைத்தே ஹான்ஸ் ஃபிங்கெல்ஸ்டைன் 1910-இல், அசிட்டோனில் கரைத்த சோடியம் அயோடைடைக் கொண்டு ஆல்கைல் குளோரைடையும் புரோமைடையும் அயோடைடாக மாற்றும் முறையை விவரித்தார். வினையில் உண்டாகும் சோடியம் குளோரைடு கரையாமல் படிந்து விலகிவிடுவதால் வினை முன்னோக்கியே நகர்கிறது. கரையாமையை ஒரு கருவியாகப் பயன்படுத்திய அந்தச் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் பிடித்தமானது.

கரிமக் கரைப்பான்களுக்கு வருவோம். ஆல்கஹால்களின் வரிசை இதற்கு நல்ல நுழைவாயில். மெத்தனால், எத்தனால், புரோப்பனால் ஆகிய மூன்றும் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். நான்கு கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி பியூட்டனாலில் அது 100 மில்லிக்கு 7 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஐந்து கார்பனில் 2 கிராம் சொச்சம். ஆறில் அரைக் கிராமுக்குச் சற்று மேல். எட்டில் அரைக் கிராமில் பத்தில் ஒரு பங்கு. தலையில் இருக்கும் அதே ஒரு ஆக்சிஜன், ஹைட்ரஜன் கூட்டு, வால் நீள நீள அதை இழுத்துச் செல்ல வலுவில்லாமல் போகிறது. ஆனால் அதே நான்கு கார்பனை நேர்ச்சங்கிலியாக வைக்காமல் ஒரு மையத்தைச் சுற்றிக் கூட்டமாக அடுக்கிய மூவிணைய பியூட்டனால் தண்ணீரோடு முழுமையாகக் கலந்துவிடுகிறது. கார்பன் எண்ணிக்கை மாறவில்லை, இருமுனையும் பெரிதாக மாறவில்லை. தண்ணீருக்குள் அது பிடிக்கும் இடத்தின் வடிவம் மாறியிருக்கிறது.

எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று வெறுப்பதாக எழுதுகிறவர்கள் உண்டு. மூலக்கூறுகளுக்கு வெறுப்பு ஏதும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அளந்து பார்த்தாலும் அந்தக் கூற்று நிற்பதில்லை. அறை வெப்பநிலையை ஒட்டி ஒரு சிறு ஹைட்ரோகார்பன் மூலக்கூறைத் தண்ணீருக்குள் செலுத்தும்போது வெப்பக் கணக்கில் ஏறக்குறைய இழப்பே இல்லை. இழப்பு என்ட்ரோபியில்தான் வருகிறது. நுழைந்த மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைக்க முடியாத நீர் மூலக்கூறுகள், தங்களுக்குள் இருக்கும் பிணைப்புகளை இழக்காமலிருக்க, அதைச் சுற்றிக் குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுதந்திர இழப்பே எண்ணெயை ஒதுக்குகிறது.

இனி, ஒரே எண்ணை வைத்து முனைவுத்தன்மையை அளந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் இரண்டு திரவங்கள். நைட்ரோபென்சீனின் இருமுனைத் திருப்புத்திறன் 4 டிபைக்கு மேல்; மின்காப்பு மாறிலி 35 அளவில், மெத்தனாலைவிடச் சற்று அதிகம். 1,4-டையாக்சேனின் மின்காப்பு மாறிலி வெறும் 2.2, டொலுயீனைவிடவும் குறைவு. இவற்றில் எது தண்ணீரோடு கலக்கும் என்று எண்களை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னால் எல்லோரும் நைட்ரோபென்சீனைத்தான் சொல்வார்கள். உண்மையில் நைட்ரோபென்சீன் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம்கூடக் கரையாமல் அடியில் தங்கிவிடுகிறது. டையாக்சேன் எந்த விகிதத்திலும் கலந்துவிடுகிறது. டையாக்சேன் வளையத்தில் எதிரெதிரே இரண்டு ஆக்சிஜன்கள் இருக்கின்றன. அவற்றின் இழுப்பு எதிரெதிர்த் திசையில் இருப்பதால் மொத்த மூலக்கூறின் இருமுனை ஏறக்குறைய அழிந்துவிடுகிறது. ஆனால் பக்கத்தில் வரும் நீர் மூலக்கூறு, மொத்தத்தைப் பார்த்தா கைகொடுக்கிறது? தன் எதிரே இருக்கும் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு அமைத்துக்கொள்கிறது. நைட்ரோபென்சீனிடம் பெரிய இருமுனை இருந்தும், அதன் நைட்ரோ தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்பதில் மந்தமானது; அகன்ற பென்சீன் வளையத்துக்கோ தண்ணீர் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

ஆய்வகத்தில் இத்தகைய திரவங்களைக் காட்டுவது ஆபத்து. நைட்ரோபென்சீன் கொடிய நஞ்சு, தோல் வழியாகவே உடலில் இறங்கும். ஆகவே மாணவர்களுக்கு நான் கடற்பாசியைத்தான் காட்டுவேன்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பாசி சேகரிக்கும் குடும்பங்களுக்குக் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டைக்கோரை என்ற பெயர்கள் அன்றாடச் சொற்கள். கரையில் ஒதுங்கிய புதிய கஞ்சிப்பாசி ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும். அதை அலசி, கல்லுவத்தில் சிறிது தண்ணீர் விட்டு நன்றாக அரைத்துத் துணியில் வடித்தால் இளஞ்சிவப்புச் சாறு இறங்குகிறது. வடிகட்டிய சக்கையை உலர்த்தி, அசிட்டோன் விட்டு மறுபடி அரைத்தால் பச்சைச் சாறு இறங்குகிறது. ஒரே செடியில் இரண்டு நிறம், இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தவை. பிரித்தது கரைப்பானின் தன்மை. சிவப்பு நிறத்துக்குரிய ஃபைக்கோஎரித்ரின் ஒரு புரதம். நிறமிப் பகுதி புரதத்தோடு வலுவான பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. புரதத்தின் வெளிப்பரப்பு முழுவதும் மின்சுமையும் முனைவும் கொண்ட தொகுதிகள். ஆகவே அது தண்ணீரோடு வருகிறது, அசிட்டோனில் உருக்குலைந்துவிடுகிறது. பச்சையத்துக்கோ மெக்னீசியம் தாங்கிய வளையத் தலையும், ஃபைட்டால் என்ற 20 கார்பன் வாலும் இருக்கின்றன. தண்ணீரில் அதற்கு வேலை இல்லை. அசிட்டோன், ஆல்கஹால், ஈதர் ஆகியவற்றில் எளிதாகக் கரைகிறது. உலர்ந்து வெளுத்துப்போன பாசியில் இந்தச் சோதனை எடுபடாது. வெயில் முதலில் சிவப்பைத்தான் தின்றுவிடுகிறது.

கட்டைக்கோரையில் இன்னும் நுட்பமான ஒரு பிரிவினை செய்யலாம். அதன் பழுப்பு நிறத்துக்குக் காரணமான ஃபியூக்கோசாந்தினும், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் ஒரே குடும்பம். கரோட்டினில் 40 கார்பனும் 56 ஹைட்ரஜனும் மட்டுமே. ஃபியூக்கோசாந்தினில் 42 கார்பன், 58 ஹைட்ரஜனோடு 6 ஆக்சிஜன்களும் உண்டு. பாசியின் ஆல்கஹால் சாற்றை ஒரு பிரிபுனலில் முனைவற்ற ஹெக்சேனோடும், பத்துப் பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த மெத்தனாலோடும் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினால், கரோட்டின் மேலே ஹெக்சேனில் ஏறிவிடுகிறது, ஃபியூக்கோசாந்தின் கீழே மெத்தனாலில் தங்கிவிடுகிறது. அந்த ஆறு ஆக்சிஜன்களுக்கு அவ்வளவு எடை. கலந்த அந்தச் சிறிதளவு தண்ணீரும் வீணன்று. அது இல்லாவிட்டால் மெத்தனாலும் ஹெக்சேனும் ஒன்றுக்குள் ஒன்று கணிசமாகக் கலந்துவிடும், பிரிவினைக் கோடு மங்கிவிடும். நிறமிகளை இப்படி இரண்டு திரவங்களுக்கு இடையே பங்கிட்டுப் பிரிக்கும் முறையை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1864-லேயே கையாண்டிருக்கிறார்.

இதைவிட முக்கியமான ஒரு பாடத்தை மிகாயில் ஸ்வெட் விட்டுச் சென்றிருக்கிறார். நிறச்சாரல் பிரிகை முறையை 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த ரஷ்யத் தாவரவியலாளர் ஒரு விந்தையைக் கவனித்தார். தனியாகப் பிரித்தெடுத்த பச்சையம், பெயரில் ஈதர் இருந்தாலும் ஹெக்சேன் போன்ற முனைவற்ற திரவமான பெட்ரோலியம் ஈதரில் கரைகிறது. ஆனால் இலையை நேராகப் பெட்ரோலியம் ஈதரில் போட்டால் பச்சையம் வெளியே வருவதில்லை, கரோட்டின் மட்டும் மஞ்சளாக இறங்குகிறது. அதில் சிறிது ஆல்கஹாலைச் சேர்த்துவிட்டால் பச்சை முழுவதும் வந்துவிடுகிறது. பச்சையம் இலையின் திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், அந்த ஒட்டுதலை விடுவிக்க முனைவுள்ள ஒரு துணை வேண்டும் என்றும் அவர் புரிந்துகொண்டார். கரைப்பது ஒன்று, கழற்றுவது ஒன்று. பச்சையத்தை அளக்க டேனியல் ஆர்னன் 1949-இல் வெளியிட்ட முறையில் 80 விழுக்காடு அசிட்டோன், மீதி தண்ணீர். தண்ணீரில் பச்சையம் கரையாது என்று தெரிந்தும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை ஏன் சேர்க்கிறோம் என்று மாணவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. ஸ்வெட்டின் கதைதான் அதற்கு விடை. உலர்ந்த பாசித்தூளைத் தூய ஹெக்சேனில் ஊறவைத்துவிட்டு, பச்சையம் இல்லாத பாசி என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் அதுவே விடை.

மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கேரஜீனன் என்ற கூழ்ப்பொருளை எடுக்கும் முறைகளில் ஒன்று, இதைத் தலைகீழாகச் செய்கிறது. சர்க்கரை அலகுகளும் சல்பேட் தொகுதிகளும் நிறைந்த அந்த நெடுஞ்சங்கிலியைச் சூடான தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை அதில் ஊற்றுகிறார்கள். தண்ணீரின் வலு குறைந்ததும் கேரஜீனன் நார்நாராகத் திரண்டு வெளியே வந்துவிடுகிறது. கரைக்காத கரைப்பானும் ஒரு கருவி என்பதற்கு ஃபிங்கெல்ஸ்டைனுக்கு அடுத்தபடி இதைச் சொல்வேன்.

மீன்பெட்டிக்கும் மிதவைக்கும் பயன்படும் தெர்மாகோல் பாலிஸ்டைரீன். அதிலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே; முனைவு ஏறக்குறைய இல்லை; கேனைப் போலப் படிகமாக அடுக்கப்பட்டதும் இல்லை. அப்படியானால் முனைவே இல்லாத ஹெக்சேன் அதைக் கரைத்தாக வேண்டும். கரைப்பதில்லை. சொல்லப்போனால் தெர்மாகோல் மணிகளை ஊதிப் பெருக்கவே ஹெக்சேனின் அண்ணன் தம்பியான பென்டேனைத்தான் உள்ளே அடைக்கிறார்கள். ஆனால் முனைவுள்ள எத்தில் அசிட்டேட் அதைக் கரைக்கிறது. டொலுயீன் நொடியில் கரைக்கிறது. அசிட்டோன் பட்டால் பெட்டி பொலபொலவென்று அமுங்கிப் பிசினாகிவிடுகிறது. ஃபைபர் படகு வேலை நடக்கும் இடத்தில் மீன்பெட்டியை வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இதைப் புரிந்துகொள்ள, முனைவற்றவை என்று நாம் ஒரே கூடையில் போடும் பொருள்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா மூலக்கூறுகளிலும் எலக்ட்ரான் மேகம் கணத்துக்குக் கணம் அலைகிறது. அந்த அலைவினால் எழும் ஈர்ப்பை 1930-இல் ஃபிரிட்ஸ் லண்டன் கணக்கிட்டுக் காட்டினார். பென்சீன் வளையம் கொண்டவற்றில் எலக்ட்ரான் மேகம் இளகியது, ஆகவே அந்த ஈர்ப்பு வலுவானது; ஹெக்சேன் போன்ற சங்கிலிகளில் வலு குறைந்தது. ஜோயல் ஹில்டெபிராண்ட் ஒரு திரவம் தன்னைத்தானே எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை, அதை ஆவியாக்கத் தேவையான ஆற்றலிலிருந்து ஓர் எண்ணாக்கினார். சார்லஸ் ஹான்சன் 1967-இல் டென்மார்க்கில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அந்த ஓர் எண்ணை மூன்றாகப் பிரித்தார்: லண்டன் ஈர்ப்புக்கு ஒன்று, முனைவுக்கு ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒன்று. அவருடைய அட்டவணையில் ஹெக்சேனுக்கு 14.9, 0, 0; டொலுயீனுக்கு 18.0, 1.4, 2.0, அசிட்டோனுக்கு 15.5, 10.4, 7.0, எத்தனாலுக்கு 15.8, 8.8, 19.4. மூன்று எண்களையும் மூன்று அச்சுகளில் குறித்தால், ஒரு பாலிமரைக் கரைக்கும் திரவங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரு கோளத்துக்குள் அடங்குகின்றன. அந்தக் கோளத்துக்கு வெளியே எதிரெதிரே நிற்கும் இரண்டு திரவங்கள், தனித்தனியே கரைக்காதவை, கலந்தால் நடுப்புள்ளி கோளத்துக்குள் விழுந்து கரைத்துவிடலாம். பழைய கொலோடியன் கரைசலில் நைட்ரோசெல்லுலோசைக் கரைக்க ஈதரையும் ஆல்கஹாலையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். கடையில் வாங்கும் தின்னர் ஒரு தனித் திரவமாக இல்லாமல் கலவையாக இருப்பதிலும் இந்தத் தந்திரத்துக்குப் பங்கு உண்டு. 'ஒத்தது' என்ற சொல்லுக்கு அளவுகோல் கேட்டால் நான் இந்த மூன்று எண்களைத்தான் காட்டுவேன்.

அலையில் ஒதுங்கி, காலிலும் வலையிலும் ஒட்டிக்கொள்ளும் தார் உருண்டைக்கும் இதே கணக்குத்தான். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் பெரும்பகுதி இளகி வந்துவிடும். பிடிவாதமாக நிற்கும் கருமைக்குக் காரணம் அஸ்பால்டீன் என்னும் வளையங்கள் நிறைந்த பெரிய மூலக்கூறுகள். ஹெப்டேன் போன்ற சங்கிலிக் கரைப்பான்களில் கரையாமல் டொலுயீனில் கரையும் பகுதி என்பதே அவற்றுக்கு வகுத்திருக்கும் வரையறை. அதற்காகக் காலில் டொலுயீனைத் தேய்க்கச் சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெய்கூடத் தோலின் சொந்த எண்ணெயையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போய்த் தோலை வெடிக்க வைக்கும். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பொறுமையாகத் துடைப்பதே மேல்.

ஃபைபர் படகு வேலை செய்யும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், பிரஷ்ஷை உடனே அசிட்டோன்ல போட்டாப் பிழைச்சுக்கும். ரெசின் இறுகிட்டா அப்புறம் எதுல போட்டாலும் ஆகாது." ரசாயனம் முழுவதும் அதில் இருக்கிறது. இறுகாத பாலியெஸ்டர் ரெசின் தனித்தனிச் சங்கிலிகளாக ஸ்டைரீனில் கரைந்து நிற்கிறது, அசிட்டோன் அதை எளிதில் ஏற்கிறது. ஹார்டனர் சேர்ந்ததும் ஸ்டைரீனே சங்கிலிகளுக்குக் குறுக்குப் பாலமாகி, எல்லாம் ஒரே வலையாகிவிடுகிறது. அதன் பிறகு முனைவுத்தன்மை எவ்வளவு பொருந்தினாலும் கரைப்பான் உள்ளே புகுந்து வீங்கச் செய்யலாமே தவிரக் கரைக்க முடியாது. பிரிந்து போவதற்குத் தனி மூலக்கூறு என்று ஒன்று அங்கே இல்லை.

கடைசியாக மிளகாய். இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மீன் குழம்பு கொதித்து அடங்கும்போது மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். புளியின் டார்டாரிக் அமிலமும் உப்பும் கீழே தண்ணீரில் இருக்க, நிறம் மட்டும் எண்ணெயில் ஏறி நிற்கிறது. பழுத்த மிளகாயின் சிவப்பான கேப்சாந்தின், பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களோடு இணைந்த எஸ்டராக இருக்கிறது. தனக்கு இருந்த ஆக்சிஜன், ஹைட்ரஜன் தொகுதிகளையும் இப்படி மூடிவிட்டதால் அது எண்ணெயிலும் ஹெக்சேனிலும் நன்றாகக் கரைகிறது. காரத்துக்குரிய கேப்சைசின் நடுத்தரமானது. ஒரு முனையில் வளையத்தோடு ஒட்டிய ஆக்சிஜன், ஹைட்ரஜன் தொகுதி, நடுவில் அமைடு, மறுமுனையில் கொழுப்புபோன்ற வால். தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, எண்ணெயில் கரையும், ஆல்கஹாலில் மிக நன்றாகக் கரையும். வில்பர் ஸ்கோவில் 1912-இல் காரத்தை அளக்கப் புறப்பட்டபோது மிளகாயை முதலில் ஆல்கஹாலில் ஊறவைத்துவிட்டுத்தான், பிறகு அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் நீர்த்து நாவில் வைத்துப் பார்க்கச் செய்தார். காரம் ஏறியவர் தண்ணீரைக் குடத்தோடு குடித்தாலும் எரிச்சல் தணியாததும், பாலோ தயிரோ உதவுவதும் இதே காரணத்தால்தான். பாலில் கொழுப்போடு கேசின் புரதமும் கேப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது.

மிளகாய்ச் சாற்றைத் தொழிற்சாலையில் எடுக்கும்போதும் இந்த நடுத்தரத் தன்மையே கைகொடுக்கிறது. நிறமும் காரமும் சேர்ந்த ஓலியோரெசினைத் தண்ணீர் கலந்த ஆல்கஹாலோடு குலுக்கினால் காரம் அதற்குள் இறங்கிவிடுகிறது, நிறம் எண்ணெய்ப் பகுதியிலேயே நிற்கிறது. முதல் சாறு எடுக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் ஹெக்சேனிடம் ஒரு தீமை உண்டு. அதன் ஆவியை நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்குக் கை, கால் நரம்புகள் பழுதாகின்றன. முனைவற்ற அந்தப் பொருளைச் சிறுநீரில் வெளியேற்ற வழியில்லாத உடல், அதில் ஆக்சிஜனைச் சேர்த்துத் தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்ற முயல்கிறது. அந்த முயற்சியில் உண்டாகும் 2,5-ஹெக்சேன்டையோன்தான் நரம்பைத் தாக்குகிறது.

அதற்கு மாற்றாக வந்ததுதான் அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடு. 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அது திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. அழுத்தத்தைக் கூட்டினால் அடர்த்தியும் கரைக்கும் வலுவும் கூடும், திறந்துவிட்டால் எச்சமே இல்லாமல் பறந்துவிடும். நேர்கோட்டு மூலக்கூறு என்பதால் அதன் இரண்டு பிணைப்புகளின் முனைவும் ஒன்றையொன்று அழித்து, இருமுனை சுழியாகிறது. பழைய விதியின்படி முனைவற்ற இந்தக் கரைப்பானில் முனைவு குறைந்த நிறம்தான் முதலில் வர வேண்டும், காரம் பிறகு. நடப்பது நேர்மாறு. அழுத்தம் குறைவாக இருக்கும்போதே சிறிய மூலக்கூறான கேப்சைசின் வந்துவிடுகிறது. கொழுப்பு அமில வால்களைச் சுமந்த பெரிய நிறமி மூலக்கூறுகளை அசைக்க அழுத்தத்தை இன்னும் வெகுவாக ஏற்ற வேண்டியிருக்கிறது, அல்லது சிறிது எத்தனாலைத் துணைக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது.